எங்கள் அடுப்பில் சேர்ந்த கூழைக்கடா

எங்கள் வீட்டில் ஆம்பளைகள் மூன்று பேர். நான், என் மகன், ஒரு கூழைக்கடா. மூவரில் தினமும் வயிறு நிறைய மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பியது கடைசி ஆள்தான். அந்தக் குற்றத்துக்காக ஊர் எங்களைப் பஞ்சாயத்தில் நிறுத்தியது. நானும் மகனும் அப்படிப் பிடித்திருந்தால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியாவது நின்றிருப்போம்.

பழவேற்காட்டு ஏரியை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் எல்லாம் ஒன்றாகத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் இழுத்து ஓடும் சில இடங்களில்தான் இறால் நிற்கும். அந்த இடங்களைப் பாடு என்போம். பாடு யாருக்கும் சொந்தமில்லை. முறை வைத்து வலை கட்டுகிறோம். இன்று உன் வீடு, நாளை என் வீடு. முறை தப்பி அங்கே மீன் எடுத்தால், எடுத்தவன் வீடே தன் அடுத்த முறையை இழக்கும். வீடு என்றால் என்ன? ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரு வீடு. தனி முறை வேண்டுமானால் கல்யாணம் கட்டித் தனி அடுப்பு மூட்ட வேண்டும். இவ்வளவுதான் எங்கள் சட்டம். இதில் ஓட்டை கிடையாது என்று நாங்கள் பல தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தோம்.

மனுசன்தான் இப்படி முறைக்குக் காத்திருக்கிறான். பறவைகள் யாரையும் கேட்பதில்லை. நீர்க்காகம் முங்கி எழுந்து, தின்ற பிறகு எங்கள் வலைக்கம்பின் மேலேயே ஏறிச் சிறகை விரித்துக் காயப்போடும். என்னமோ நாங்கள் துணி காய அதற்குக் கொடி கட்டிக் கொடுத்த மாதிரி. மீன்கொத்தி அடுத்த கம்பில் உட்கார்ந்து மேஸ்திரி போலத் தலையை ஆட்டும். ஆலா வானத்திலிருந்து தலைகீழாக விழும். விழுந்த இடத்தில் மீன் இல்லை என்றால் கத்தும் கத்தலைக் கேட்டால், நாம்தான் ஒளித்து வைத்துவிட்டோமோ என்று நமக்கே சந்தேகம் வரும். செம்பருந்து அந்த உழைப்புக்கும் வராது, கையில் இருக்கும் மீனையே பிடுங்கும். வெள்ளைக் கொக்கு மணிக்கணக்கில் ஒரு காலில் சாமியார் போல நிற்கும். ஏமாந்த மீன்தான் பிரசாதம். மணலோரத்து உள்ளான் குருவிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கூட்டம் போலத் தண்ணீரோடு இங்கே ஓடும், அங்கே ஓடும், எதற்கு ஓடியது என்று அதற்கே தெரியாது.

பூநாரை வேறு ரகம். அது குளிர்காலத்து விருந்தாளி. அதைப் பார்க்க ஊர் ஊராகக் கார் வரும். அது என்னமோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். வந்தவர்கள் குழாய் மாதிரிக் கேமராவை வைத்துப் படம் எடுத்து எங்களுக்கே காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து இந்த ஏரியில் இருக்கிற நான், பூநாரையின் கண் மஞ்சள் நிறம் என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் யாரோ ஒரு அம்மாவின் கேமராவில். நல்ல கண். எங்கள் ஊர்த் தலைவர் கண் மாதிரியே, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பூநாரை மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை. தலையைக் கவிழ்த்துச் சேற்றைத்தான் சலித்துத் தின்கிறது. அதற்குப் போய்ச் சிறகில் இந்தச் சிவப்பு, இந்த மரியாதை! நாங்களும் சேற்றில்தான் நிற்கிறோம்.

கூழைக்கடாவுக்கு வருகிறேன். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. சரியாக எங்கள் முறையன்று. புயலுக்கு மாற்று முறை கிடையாது. அன்று எங்கள் வலையில் சிக்கியது இறக்கை முறுக்கிக்கொண்ட ஒரு கூழைக்கடா மட்டும்தான். என் மனைவி கத்தியை எடுத்தாள். சரி, கறி ஆகப்போகிறது என்று நினைத்தேன். அவள் வலையை அறுத்துப் பறவையை விட்டாள்.

"புது வலைமே அது!" என்றேன்.

"வல பின்னிக்கலாம். ரெக்கைய நீ பின்னுவியா?" என்றாள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது அந்த வேப்பெண்ணெய் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. பறவைக்குக் கோழிக்கூட்டின் பக்கத்தில் இடம். காலையில் அவள் மீன் குடலையும் தலையையும் ஒரு அலுமினியத் தட்டில் போட்டுத் தட்டினால், தொங்கும் பையை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். என் மனைவி ஏரிக்கு வடகரைக்காரி. தெலுங்கு பேசும் ஊர். அங்கே அப்பனையும் நைனா என்பார்கள், கொஞ்சும்போது பிள்ளையையும் நைனா என்பார்கள். "வா நைனா, துன்னு நைனா" என்று அவள் கூப்பிட்டால் நானும் திரும்புவேன், அதுவும் திரும்பும். தட்டு அதன் பக்கம் போகும்.

அது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. கூழைக்கடாவில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்தது, சாப்பிட்டதும் தூங்கியது, ஒரு வேலையும் செய்யவில்லை. ஆண்தான் என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள்.

கோடை வந்தது. அது தானாக ஏரிக்கு நடந்துபோகப் பழகியது. பறக்கவில்லை. கட்டுப் பிரித்த இறக்கை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. ஆனால் நீந்துவதற்கு இறக்கை எதற்கு? பாடுகளில் கட்டிய வலைக்குள் மூக்கை விட்டுப் பையை நிரப்பிக்கொண்டு, சாயங்காலம் தாலுக்கா ஆபீஸ் அதிகாரி போல ஆடி ஆடி வீட்டுக்கு வரும். எந்த வலை என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு யார் முறையோ அவர் வலை.

அப்படி ஒரு நாள் என் பங்காளியின் முறை. என் சித்தப்பா மகன், எதிர்வீடு. அவன் வலையைத் தூக்குகிறான், உள்ளே மீன் இல்லை, வெளியே எங்கள் வீட்டு ஆள் ஏப்பம் விட்டுக்கொண்டு மிதக்கிறார். நேரே தலைவரிடம் போய்ப் பிராது கொடுத்துவிட்டான்.

இதில் எங்களுக்கு என்ன போய்விடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் மகனுக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண் வீட்டார் வீட்டைப் பார்க்கவில்லை, படகைப் பார்க்கவில்லை. "மொற எப்ப வருது?" என்று மட்டும் கேட்டார்கள். தை கழிந்து இறால் ஓடும் நேரத்தில் எங்கள் முறை வர இருந்தது. அந்த முறை முடியட்டும், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். முறை போனால் கல்யாணமும் போகும் என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்லிவிட முடியாது.

பஞ்சாயத்து கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் கூடியது. தலைவர் கண்ணைப் பாதி திறந்தார்.

"இன்னாப்பா, பறவைக்கெல்லாம் பஞ்சாயத்தா?"

"பறவைன்னா நான் ஏன் தலைவரே வரப்போறேன்?" என்றான் பங்காளி. "இது அண்ணன் வூட்டுப் பறவை. தூங்கறது எங்க? அண்ணன் கோழிக்கூட்டாண்ட. துன்றது எங்க? அண்ணி தட்டுல. ஒரே அடுப்புல துன்னா ஒரே வூடுதான? என் மொறையில அவங்க வூட்டு ஆளு மீனு எடுத்தா அது மொற தப்பினதுதான?"

நான் எழுந்தேன். "ஏரில எத்தினி பறவ துன்னுது! நீர்க்காக்கா துன்னலியா? ஆலா துன்னலியா? நாரை வாயத் தொறந்துகினு தண்ணியக் கலக்கிகினே போவுதே, அது இன்னா விரதமா இருக்குது? அதுங்க மேலல்லாம் எவன் பிராது குடுத்தான்?"

"அதுங்களுக்கு வூடு இல்லண்ணா. இதுக்கு வூடு கீது."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அதன் பிறகு பெரியவர்கள் ஏரியில் உள்ள பறவை ஒவ்வொன்றுக்கும் வீடு உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். நீர்க்காகம் அக்கரைச் சவுக்குத் தோப்பில் அடைகிறது, ஆகவே அது அக்கரை ஊர்க் கணக்கு என்றார் ஒருவர். அப்படியானால் அக்கரை ஊர் மேல் வழக்குப் போடலாமே என்று இன்னொருவர் துண்டை உதறி எழுந்தார். செம்பருந்து சாமி வாகனம், அதைக் கேட்கக் கூடாது என்றார் மூன்றாமவர். நத்தை தின்னும் நாரை உள்நாட்டு நெல்வயலில்தான் மேய்கிறது, அது விவசாயிகள் பாடு என்று தள்ளுபடி ஆனது. நெற்றியில் நாமம் போட்ட நாமக்கோழி பாசிதான் தின்கிறது, சைவம் என்று விடுதலை.

"பூநார?" என்றார் யாரோ.

"சேறு துன்னுது பாவம். நல்ல மனுசன்" என்றார் தலைவர்.

வெயில் தலைக்கு மேல் வந்தது. ஏரியில் உள்ள எல்லாப் பறவையும் ஒவ்வொன்றாக விடுதலையாகி, கடைசியில் எங்கள் கூழைக்கடா மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

பெண்கள் எங்கள் பஞ்சாயத்தில் பேசுவது வழக்கமில்லை. ஆனால் மீன்கூடையோடு அந்த வழியாகப் போகிறவள் நின்று ஒரு வார்த்தை சொன்னால் அது பேச்சில் சேராது. என் மனைவி அன்று அந்த வழியாகப் பல தடவை போனாள். இந்தத் தடவை கூடையை இறக்கியே வைத்துவிட்டாள்.

"எங்க வூட்டு ஆளுதான். ஒத்துக்கறேன். அப்ப அவனுக்கும் ஒரு மொற போடுங்க."

மரத்தடியில் எல்லாரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். வரிசையில் ஒரு முறை கூடினால் எல்லாருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து எங்கள் ஊரில் இல்லை. புயலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பங்காளிக்குத்தான் முதலில் மூச்சு வந்தது. "அது எப்டி அண்ணி? கல்யாணம் கட்டாதவனுக்கு ஏது மொற?"

"அப்டிச் சொல்லு!" என்று தலைவர் முழுக் கண்ணையும் திறந்தார். "அதும்மா சட்டம். கல்யாணம் ஆவாத பையன் இன்னா செஞ்சாலும் அது அப்பன் கணக்குல. இனிமே அது அடுத்தவன் மொறையில மூக்கு வச்சிது, தை கழிஞ்சி வர்ற உங்க மொற போச்சி. போயி கட்டிப் போடுங்க."

என் மனைவி நன்றாகத்தான் வாதாடினாள். அவள் வாதாடியதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கல்யாணமாகாத பிள்ளை. ஏற்கனவே ஒன்று இருந்தது.

காலில் கயிறு கட்டிப் பார்த்தோம். மூக்காலேயே அவிழ்த்தது. பெரிய கூடையைக் கவிழ்த்துப் பார்த்தோம். கூடையோடு நடந்தது. மகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நைனா, எனக்குக் கல்யாணம் ஆவணுமா, இதுக்குச் சோறு போடணுமா, ஆத்தாவ ஒண்ணு சொல்லச் சொல்லு."

"ரெண்டும்தான்" என்றாள் உள்ளிருந்து.

அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மகன் அதைப் படகில் ஏற்றிக்கொண்டு வெகுதூரம் வடக்கே போய், கூழைக்கடாக் கூட்டம் நிற்கும் ஒரு திட்டில் இறக்கிவிட்டு வந்தான். படகைக் கரையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அது கோழிக்கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருக்கிறது. இத்தனை மாதமாக நடந்தே போய் நடந்தே வந்த ஆள், அன்றைக்குத்தான் பறக்கத் தெரியும் என்பதைக் காட்டியது. இத்தனை நாள் அவசியப்படவில்லை போலிருக்கிறது.

அப்புறம் மழை பிடித்தது. வாடைக்காற்றில் கூழைக்கடாக்கள் வரிசை வரிசையாக வடக்கே போயின. சூலூர்ப்பேட்டைப் பக்கம் ஏரி மரங்களில் கூடு கட்டப் போகும் கூட்டம். ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கூழைக்கடாப் பிள்ளை அண்ணாந்து பார்த்தான். தட்டில் இருந்ததைத் தின்று முடித்தான். அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. பிறகு வாசலில் ஓடி ஓடி எழும்பி, பங்காளி வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு போனான். என் மனைவி மறுநாளும் தட்டைத் தட்டினாள். காக்கையும் கொக்கும் தின்றன. மகனுக்கு வந்த சந்தோஷத்தை அவன் ஆத்தா எதிரில் மறைக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கே ஒரு முறை கொடுத்திருக்கலாம்.

பொங்கல் முடிந்தது. எங்கள் முறைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. பெண் வீட்டாரும் விசாரித்து ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் பங்காளி கரையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"அண்ணா! உம் பையன் வந்துட்டான்! என் மொறையில வந்து குந்திகினு கீறான்!"

ஊரே ஓடியது. பங்காளியின் வலைக்கு உள்ளே ஒரு கூழைக்கடா. இடது இறக்கை கோணல். சந்தேகமே இல்லை. மகன் முகம் செத்துப்போனது. கல்யாணம் தண்ணீரில் மூழ்குவதை அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தலைவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான் பங்காளி.

"பாருங்க தலைவரே. நீங்களே சொன்னீங்க. மூக்கு வச்சா மொற போச்சின்னு. மூக்கு மட்டுமில்ல, கழுத்து வரைக்கும் உள்ள கீது."

அப்போது மீன்கூடை அந்த வழியாக வந்தது.

"கொழுந்தனாரே, கண்ணு நல்லாத் தெரியுதா? பக்கத்துல யாரு?"

பக்கத்தில் இன்னொரு கூழைக்கடா. இரண்டும் ஒன்றாகத் தலையை முக்கின. ஒன்றாக எடுத்தன. ஒன்று நகர்ந்தால் மற்றது நகர்ந்தது.

"என் பையனுக்குக் கல்யாணம் ஆயிட்சி" என்றாள் என் மனைவி. "போன எடத்துலயே முடிச்சிகினான். ஆத்தா அப்பனுக்குச் சொல்லல, பரவால்ல, இந்தக் காலத்துல யாரு சொல்றாங்க. மழ புடிச்சப்ப போனவன் எங்க வூட்டு வாசல மிதிக்கல. எங்க தட்டுல துன்னல. தனி அடுப்பு. எங்க கணக்குல இருந்து கழிச்சிடுங்க. கழிச்சிட்டு, கட்டினவனுக்கு உண்டான மொறையப் போடுங்க. சட்டம்னு நீங்கதான சொன்னீங்க?"

தலைவர் ஏரியைப் பார்த்தார். அங்கே அந்த இரண்டு மட்டும் இல்லை. திட்டில் கூட்டமே நின்றது. எல்லாம் ஜோடி ஜோடியாக நிற்பது போல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கப்பால் நாரைகள், நீர்க்காகங்கள், ஆலாக்கள். எல்லாம் குடும்பஸ்தர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாரோ என்னவோ, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பறவன்னா பறவதாம்பா" என்றார். "அதுக்கு இன்னா வூடு, அடுப்பு? எவன்டா முதல்ல இந்தப் பேச்ச எடுத்தவன்?"

எடுத்தவன் அவர் பக்கத்திலேயே நின்றான். "நான் இல்ல தலைவரே, நீங்கதான் கல்யாணம்னு..." என்று இழுத்தான்.

"மொற மொறப்படி. அவங்க நாள் அவங்களுக்கு. போங்க, போயி வேலையப் பாருங்க."

இப்படியாக நாங்கள் ஜெயித்தோம். ஏரியில் ஒரு பறவையும் எங்கள் உறவில்லை என்று தீர்ப்பாகி, எங்கள் முறை எங்களுக்கே வந்தது.

அந்த நாளும் வந்தது. காற்று நல்ல காற்று, இழுப்பு நல்ல இழுப்பு. மகன் வலையைக் கட்டி முடித்துக் கையைக் கழுவுவதற்குள் திட்டில் இருந்த கூழைக்கடாக் கூட்டம் இறங்கியது. அவை மீன் பிடிக்கிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? அரைவட்டமாக நின்று, தண்ணீரைச் சிறகால் அடித்து, மீனை நடுவில் ஒதுக்கி, ஒன்றாகக் குனியும். நாங்கள் வலையால் செய்வதை வலை இல்லாமல் செய்யும். அந்த அரைவட்டத்தின் நடுவில் அன்று எங்கள் வலை இருந்தது. இடது இறக்கை கோணலானவன் முதல் வரிசையில் இருந்தான், சம்சாரத்தோடு.

என் மனைவி தட்டை எடுத்துத் தட்டினாள். "டேய் நைனா! இது நம்மளுதுடா!"

ஒரு தலை திரும்பவில்லை. என் தலையைத் தவிர.

மகன் துடுப்பை ஓங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். கரையில் பங்காளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணி! உம் பையன் குடும்பத்தோட விருந்துக்கு வந்துகீறான், பாயப் போடுங்க!"

மீனையெல்லாம் அவை வாரிக்கொண்டன. அடியில் இறால் மட்டும் தங்கியது. அது போதுமானதாக இருந்தது. பெண் வீட்டு ஆள் கரையில் நின்று கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வர்ற மாசம் தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லும் அளவுக்கு.

மகன் அதைக் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கோணல் இறக்கையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். "எங்க ஆத்தா கையால துன்ட்டு, எங்க வலையிலயே கை வைக்கிறியா?"

"அடிக்காதடா" என்றாள் அவள் கரையிலிருந்து. தட்டை இடுக்கிக்கொண்டு, தன் பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்யாணம் ஆனப்புறம் எந்தப் பையன் ஆத்தா வூட்டுக்குக் குடுக்கறான்? எடுத்துகினுதான் போவான். வர்ற மாசம் உன்னியுந்தான் பாக்கப் போறேன்."

மகன் துடுப்பைக் கீழே போட்டான்.